காளமேகப் புலவர்: வாழ்வும் நகைச்சுவையும்

காளமேகப் புலவர் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்ப் புலவர். கேட்டவுடன் பாடும் ஆசுகவி. சிலேடை, வசை, எள்ளல் ஆகியவற்றில் இவருக்கு இணை இவரே என்பது தமிழ்ப் புலவர்களின் பொதுக் கருத்து. இயற்பெயர் வரதன். பிறந்த ஊர் பற்றி இரண்டு மரபுகள் உள்ளன. விழுப்புரம் மாவட்டம் விக்கிரவாண்டி வட்டத்தில் உள்ள எண்ணாயிரம் என்பது ஒன்று; கும்பகோணத்துப் பக்கம் என்பது மற்றொன்று. திருவானைக்கா உலா, சரசுவதி மாலை, பரப்பிரம்ம விளக்கம், சித்திர மடல் ஆகியவை இவர் பெயரில் வழங்கும் நூல்கள். ஆனால் மக்கள் நினைவில் நிற்பவை இந்நூல்கள் அல்ல. சத்திரத்திலும் சந்தையிலும் கோயில் வாசலிலும் அவ்வப்போது வாயில் வந்தபடி பாடியதாகச் சொல்லப்படும் தனிப்பாடல்களே நிற்கின்றன.

எண்ணாயிரம்

இன்று எண்ணாயிரம் ஒரு சிற்றூர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அது இராசராசச் சதுர்வேதிமங்கலம் என்ற பெரிய ஊர். அங்குள்ள அழகிய நரசிங்கப் பெருமாள் கோயிலில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, அவ்வூரில் நடந்த கல்லூரியைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. இளநிலையில் 270 மாணவர், முதுநிலையில் 70 மாணவர், ஆக 340 பேர். கற்பித்தவர்கள் 14 பேர். இருக்கு வேதம் கற்போர் 75, யசுர் வேதம் கற்போர் 75, இலக்கணம் கற்போர் இத்தனை பேர் என்று பாடவாரியாகக் கணக்கு உண்டு. அவர்களுக்கு நாள்தோறும் அளக்க வேண்டிய நெல்லுக்கும் கணக்கு உண்டு. வடமொழிக் கல்விக்கான இடம்தான் அது. ஆனால் திருவாய்மொழி ஓதுவோருக்கும் அந்த ஊரில் ஏற்பாடு இருந்தது.

காளமேகம் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர் என்று எல்லாக் கதைகளும் ஒருமுகமாகச் சொல்கின்றன. அவர் எண்ணாயிரத்தார் என்ற மரபுக்கு ஊரின் வைணவப் பின்னணி பொருந்தி வருகிறது. பொருந்தி வருவதாலேயே அது மெய் என்று ஆகிவிடாது. கும்பகோணத்துக்காரர்கள் தங்கள் உரிமையை விட்டுக்கொடுப்பதும் இல்லை.

வரதன் காளமேகம் ஆனது

வரதன் திருவரங்கம் கோயில் மடைப்பள்ளியில் பரிசாரகர். அதாவது சமையல் வேலை. காவிரிக்கு நடுவே உள்ள அந்தத் தீவில் அரங்கன் கோயிலுக்குப் பக்கத்திலேயே திருவானைக்கா சிவன் கோயில். அங்கே தொண்டு செய்த மோகனாங்கி என்ற பெண்ணிடம் வரதனுக்குக் காதல். வைணவனோடு பழகுவதை அவள் தோழியர் கேலி செய்யவே, அவள் கதவை அடைத்துவிடுகிறாள். வரதன் சைவராகிறார். தத்துவ ஆராய்ச்சியால் சமயம் மாறியவர்கள் பலர் உண்டு. காதலுக்காக மாறியதை மறைக்காமல் சொல்லும் புலவர் வரலாறு தமிழில் அதிகம் இல்லை.

ஓர் இரவு அவளுக்காகக் காத்திருந்து திருவானைக்காக் கோயில் மண்டபத்தில் வரதன் தூங்கிப்போகிறார். அதே கோயிலில் வித்தை வேண்டித் தவமிருந்த வேறொருவரிடம் அகிலாண்டேசுவரி வந்து, வாயைத் திற என்று தாம்பூலத்தை உமிழப்போகிறாள். அவர் அருவருத்து மறுக்கிறார். அம்மை அரைத் தூக்கத்தில் இருந்த வரதனிடம் வருகிறாள். அவர் மறுப்பின்றி வாயைத் திறக்கிறார். அன்று முதல் கார்மேகம் பொழிவதுபோல் பாட்டுப் பொழிந்தார், அதனால் காளமேகம் என்று பெயர் வந்தது என்பர்.

இக்கதை அற்புதக் கதைதான். ஆயினும் அதற்குள் ஒரு நகைச்சுவை இருக்கிறது. தவம் செய்தவனுக்குக் கிடைக்காதது தூங்கியவனுக்குக் கிடைக்கிறது. குருகுலத்தில் ஆண்டுக்கணக்கில் படித்த புலவர்களை மடைப்பள்ளிக்காரர் ஒருவர் எப்படி வென்றார் என்ற கேள்விக்கு மக்கள் கண்ட விடை இது.

திருமலைராயன் அவை

காரைக்காலுக்குத் தெற்கே கடலோரமாக உள்ள திருமலைராயன்பட்டினம், விசயநகரப் பேரரசுக் காலத்தில் அப்பகுதியை ஆண்ட திருமலைராயனின் பெயரால் அமைந்தது. அவன் அவையில் அதிமதுர கவிராயர் தலைமைப் புலவர். அவருக்குக் கீழே 64 புலவர்கள். எல்லோருக்கும் பல்லக்கு உண்டு என்பதால் அவர்களைத் தண்டிகைப் புலவர்கள் என்பர். அந்த ஊர்வலம் தெருவில் போனபோது எல்லோரும் வாழ்த்த, காளமேகம் மட்டும் சும்மா நின்றாராம். அங்கிருந்து தொடங்கியது பகை.

அவையில் அவருக்கு இருக்கை தரவில்லை. நின்றபடியே இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். அப்போது அவர் கலைமகளைப் பாட, அரசனின் இருக்கையே வளர்ந்து அவருக்கு இடம் கொடுத்தது என்பது கதை. சரசுவதி மாலை பிறந்த இடமாக இதைச் சொல்வர். என்ன பாட முடியும் என்று அதிமதுர கவிராயர் கேட்டதற்கு, தூது பாட ஐந்து நாழிகை, பரணி பாட ஒரு நாள் என்று காளமேகம் கால அட்டவணை போட்டுச் சொன்னதாக ஒரு பாட்டு உண்டு. ஒரு நாழிகை 24 நிமிடம். ஆகவே ஒரு முழுத் தூது நூலுக்கு அவர் கேட்டது இரண்டு மணி நேரம்.

இந்தப் பேச்சுக்கு விலையாக வந்ததுதான் எமகண்டம். கீழே நெருப்பும் கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரையும். மேலே உறியில் புலவர். அவர் கழுத்திலும் இடுப்பிலும் கத்திகள் கட்டி, அவற்றின் சங்கிலியை யானைகளிடம் கொடுத்திருப்பார்கள். கேள்வி கேட்பார்கள். தடுமாறினால் யானை இழுக்கும். தொடக்கச் சொல்லும் முடிவுச் சொல்லும் எதிராளி கொடுக்க, நடுவை நிரப்பிப் பொருள் கெடாமல் வெண்பா சொல்ல வேண்டும். காளமேகம் எல்லாவற்றுக்கும் பாடி முடித்தார். அதன் பிறகும் அரசன் பரிசு கொடுக்கவில்லை. ஊர் மண்மாரி பெய்து அழியட்டும் என்று அவர் வசை பாட, ஊர் மண்மூடிப் போனது என்று கதை முடிகிறது. அது கடற்கரை மணல் ஊர் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். காற்றடித்தால் மண் பறப்பதற்கு அங்கே புலவர் வந்துதான் பாட வேண்டும் என்பதில்லை.

சிலேடை எப்படி வேலை செய்கிறது

ஒரு சொல்லோ தொடரோ இரண்டு பொருள் தருமாறு பாடுவது சிலேடை. இலக்கணத்தில் இரட்டுற மொழிதல் என்பர். இது இரண்டு வகை. சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் வந்தால் செம்மொழிச் சிலேடை. பிரித்தால் வேறு பொருள் வந்தால் பிரிமொழிச் சிலேடை.

காளமேகம் யானையையும் வைக்கோலையும் ஒரே வெண்பாவில் பாடியிருக்கிறார். களம் என்றால் போர்க்களம், நெல் அடிக்கும் களமும்தான். போர் என்றால் சண்டை, வைக்கோற்போரும்தான். கோட்டை என்றால் மதில் சூழ்ந்த கோட்டை, நெல்லை அளக்கும் கோட்டையும்தான். களத்தில் அடிப்பது, கோட்டைக்குள் போவது, போரில் சிறந்து விளங்குவது என்று யானைக்குச் சொன்னதெல்லாம் வைக்கோலுக்கும் பொருந்திவிடுகிறது. எந்தச் சொல்லும் அகராதியைப் புரட்ட வேண்டிய சொல் அல்ல. அறுவடை முடிந்த நாளில் விழுப்புரம் பக்கத்துக் களத்துமேட்டில் நிற்பவனுக்கு இது உரை இல்லாமலே விளங்கும்.

பாம்பையும் எள்ளையும் சேர்த்துப் பாடியது இன்னும் நயமானது. செக்கு ஆடினால் எள் எண்ணெயாகிக் குடத்தில் சேரும். பாம்பு ஆடிவிட்டுப் பிடாரன் குடத்தில் அடையும். செக்கு ஆடும்போது இரைச்சல் வரும். பாம்பும் ஆடும்போது சீறும். கடைசியில் வருகிறது பிண்ணாக்கு. எள்ளுக்கு அது பிண்ணாக்கேதான். பாம்புக்கு அதைப் பிளவுபட்ட நாக்கு என்று கொள்ள வேண்டும். திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.எம்.வி. என்ற எழுத்துகளோடு வரும் எள், நிலக்கடலை இரகங்கள் எல்லாம் திண்டிவனத்தின் பெயரைத் தாங்கியவை. எள்ளையும் செக்கையும் பிண்ணாக்கையும் பார்த்து வளர்ந்த இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு இந்தப் பாட்டை நடத்துவது எளிது. பாக்கெட் எண்ணெய் மட்டுமே பார்த்த பிள்ளைகளுக்குப் பிண்ணாக்கு என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. சிரிப்பு அதற்குள் ஆறிவிடுகிறது.

காஞ்சிபுரத்து ஏகாம்பரநாதரைப் பற்றிய பாட்டிலும் இதே நிலைதான். முக்கால், அரை, கால், அரைக்கால், இருமா, மாகாணி, ஒருமா, கீழரை என்று பின்ன எண்களை அடுக்கிக்கொண்டே போகிறார். இருமா பத்தில் ஒன்று. மாகாணி பதினாறில் ஒன்று. ஒருமா இருபதில் ஒன்று. கணக்கு வாய்பாடு மாதிரி ஒலிக்கும் அந்த அடிகளைப் பிரித்துப் பார்த்தால் முதுமை தெரிகிறது. முக்கால் என்பது ஊன்றுகோலோடு சேர்ந்து மூன்றாகிவிட்ட கால். இருமா என்பது இருமல் வருவதற்கு முன். மாகாணி என்பது கடைசியில் போய்ச் சேரும் சுடுகாட்டு நிலம். ஒருமா என்பது காஞ்சியில் இறைவன் வீற்றிருக்கும் ஒற்றை மாமரம். அதன் கீழே உள்ள அரனை இன்றே வணங்கு என்று முடிகிறது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனப்பாடம் செய்தவர்கள் இதைக் கேட்டவுடன் சிரித்திருப்பார்கள். சிரித்து முடிந்ததும் கொஞ்சம் பயந்தும் இருப்பார்கள். 1957இல் புதிய காசு வந்து, மெட்ரிக் அளவுகளும் வந்த பிறகு மாகாணி வழக்கொழிந்தது. இப்போது அந்தப் பாட்டுக்கு அடிக்குறிப்பு வேண்டும்.

தகர வரிசை எழுத்துகளை மட்டுமே வைத்து ஒரு பாட்டு, ககர வரிசையை மட்டுமே வைத்து ஒரு பாட்டு என்பவையும் இவர் பெயரில் உண்டு. அவை திறமைக்குச் சான்று. பொருள் விளங்க உரையாசிரியர் தேவைப்படும் நகைச்சுவையை நகைச்சுவை என்று சொல்வது கடினம்.

சோறு, மோர், குதிரை

காளமேகத்தின் சிரிப்பில் பெரும்பகுதி பசியிலிருந்து வந்தது. நாகப்பட்டினத்தில் காத்தான் சத்திரத்துக்குச் சாப்பிடப் போகிறார். பொழுது சாயும்போதுதான் அரிசி வந்து இறங்குகிறது. அதைக் குத்தி உலையில் போடுவதற்குள் ஊர் உறங்கிவிடுகிறது. ஓர் அகப்பை சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைக்கிறது. இப்படி அவர் பாடியதைக் கேட்டுச் சத்திரக்காரர் நடுங்கிவிட்டார். புலவர் வாயில் விழுந்தால் பெயர் போய்விடும். அவர் வேண்டிக்கொள்ள, காளமேகம் அதே பாட்டுக்கு வேறு பொருள் சொன்னார். உலகில் விளைச்சல் அற்றுப்போன பஞ்சத்திலும் இங்கே அரிசி வரும்; அது உலையில் ஏறினால் ஊர்ப் பசி அடங்கும்; இலையில் விழும் சோறு வெள்ளி முளைத்ததுபோல் வெண்மையாக இருக்கும். ஒரு சொல்லும் மாறவில்லை. வசை வாழ்த்தாகிவிட்டது. அன்று பரிமாறியது எப்போது என்று கதை சொல்வதில்லை.

நீர் விட்டுப் பெருக்கிய மோரை விற்ற இடைச்சியிடம் அவர் பாடியதும் பலருக்குத் தெரியும். வானத்தில் இருந்தபோது உனக்கு மேகம் என்று பெயர், மண்ணில் விழுந்தபோது நீர் என்று பெயர், இவள் கைக்கு வந்ததும் மோர் என்று பெயர், ஆக முப்பெயர் பெற்றாய் என்று மோரைப் பார்த்தே பேசுகிறார். அவளைத் திட்டவில்லை. இன்று பாலில் தண்ணீர் கலப்பதைப் பற்றிப் பேசுபவர்களும் அந்தப் பாட்டைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

விகடராமன் என்பவனுடைய குதிரை இன்னொன்று. முன்னே மூன்று பேர் கடிவாளம் பிடித்து இழுக்க, பின்னே இரண்டு பேர் தள்ள, அது மாதத்துக்குக் காத தூரம் போகுமாம். அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் மார்க் ட்வெயின் (1835–1910) தாம் ஏமாந்து வாங்கிய ஒரு குதிரையைப் பற்றி எழுதியிருக்கிறார். அது யாரையும் முதுகில் உட்கார விடாமல் தூக்கி எறியும் குதிரை. காளமேகத்தின் குதிரைக்கு அவ்வளவு சுறுசுறுப்பு இல்லை. சொல்லும் முறை மட்டும் இருவரிடமும் ஒன்று: முகத்தைச் சிரிப்பில்லாமல் வைத்துக்கொண்டு, கணக்குச் சொல்வதுபோல் மிகைப்படுத்துவது.

கடவுளோடு கேலி

பழிப்பதுபோலப் புகழ்வதைக் காளமேகம் கோயில் வாசலிலும் விட்டுவைக்கவில்லை. திருக்கண்ணபுரத்தில் சைவர் என்று சொல்லி அவருக்குக் கதவைச் சாத்திவிட்டார்களாம். கண்ணபுரத்துப் பெருமாளே, நீ சிவனைவிட உயர்ந்தவன் என்று தொடங்கினார். உள்ளே இருந்தவர்கள் மகிழ்ந்து கதவைத் திறந்தார்கள். அடுத்துச் சொன்னார்: உன்னைவிட நான் உயர்ந்தவன். எப்படி என்றால், உன் பிறவிகள் பத்து. சிவனுக்கோ பிறவி ஒன்றும் இல்லை. என் பிறவிகளுக்கு எண்ணிக்கையே இல்லை. எண்ணிக்கை அதிகமானால் பெருமை அதிகம் என்ற கணக்கை முதலில் ஒப்புக்கொண்டவர்கள், இதற்கு மறுப்புச் சொல்ல முடியாது. பிறப்பு இல்லாத சிவனே மேல் என்று மறைமுகமாகச் சொல்லியும் ஆயிற்று. மடைப்பள்ளியில் பெருமாளுக்குச் சமைத்த கை அது என்பதை நினைத்துக்கொண்டால் பாட்டில் வேறொரு சுவையும் சேர்கிறது.

இரட்டைப் புலவர்களும் திருவாமாத்தூரும்

காளமேகத்தின் கதையில் விழுப்புரத்துக்கு இன்னொரு வழியிலும் இடம் உண்டு. அவருடைய நண்பர்களாகச் சொல்லப்படும் இரட்டைப் புலவர்களான முதுசூரியர், இளஞ்சூரியர் இருவரும் விழுப்புரத்துக்கு அருகே உள்ள திருவாமாத்தூரின்மீது கலம்பகம் பாடியவர்கள். ஒருவர் கண் இல்லாதவர். மற்றவர் கால் இல்லாதவர். பார்ப்பவரைப் பார்க்காதவர் தோளில் சுமந்து ஊர் ஊராகப் போனார்கள். வெண்பாவின் முன்பாதியை ஒருவர் சொல்ல, பின்பாதியை மற்றவர் சொல்வார்.

மதுரைக் குளத்தில் ஒருமுறை துணி துவைக்கும்போது இருந்த ஒரே துணியும் நீரோடு போய்விட்டது. நீ அதை அடித்தாய், அது உன்னை அடித்துவிட்டுப் போகிறது என்று ஒருவர் சிரித்தார். கலிங்கம் போனால் போகட்டும், சொக்கலிங்கம் இருக்கிறார் என்றார் மற்றவர். கலிங்கம் என்றால் துணி. கட்டியிருந்த துணியை இழந்த இரண்டு ஊனமுற்ற ஏழைகளின் பேச்சு இது என்பது, சிலேடையை இரசித்த பிறகுதான் உறைக்கிறது.

திருவாமாத்தூர்க் கலம்பகத்தில் கோயில் ஆற்றின் எந்தக் கரையில் இருக்கிறது என்பதை அவர்கள் மாற்றிப் பாடிவிட்டார்கள். அரங்கேற்றத்தில் ஊரார் தடுத்தார்கள். அன்றிரவு பெருமழை பெய்து, பம்பை ஆறு தடம் மாறிக் கோயிலின் மறுபக்கமாக ஓடியது, பாட்டு மெய்யாயிற்று என்பது அவ்வூர்க் கதை. ஊரைக் கண்ணால் பார்க்காதவரும் காலால் நடக்காதவரும் சேர்ந்து பாடிய பாட்டில் திசை தவறுவது இயல்பு. ஆறு வந்து திருத்திக்கொண்டது என்று ஊரே கதை கட்டியது அவர்கள்மேல் இருந்த அன்பால்தான்.

திருவாரூர்க் கோயிலில் அவர்கள் பாதி வெண்பாவை எழுதிவிட்டு, மேலே ஓடாமல் போய்விட்டார்களாம். முப்புரம் எரிக்கச் சிவன் எடுத்த நாண் ஒரு பாம்பு, வில் ஒரு கல், அம்பு மண் தின்ற திருமால், அவ்வளவுதான் அந்தப் பாதி. பின்னால் வந்த காளமேகம், இவ்வளவு மோசமான கருவிகளை வைத்துக்கொண்டு பகைவர் ஊரை எப்படித்தான் எரித்தீரோ என்று சிவனையே கேட்டு முடித்தார். திரும்பி வந்த இரட்டையர் அதைப் படித்து, எழுதியவரைத் தேடிப் போனார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது காளமேகம் சிதையில் எரிந்துகொண்டிருந்தார்.

மனத்தைத் தொடும் கதை. ஆனால் காலம் ஒத்துவரவில்லை. இரட்டையர் பாடிய ஏகாம்பரநாதர் உலா சம்புவராய மன்னன் மல்லிநாத இராசநாராயணனைக் குறிப்பிடுவதால், அவர்களை 14ஆம் நூற்றாண்டினர் என்று ஆராய்ச்சியாளர் கொள்வர். திருமலைராயனின் காலம் அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிந்தியது. சந்திக்காத புலவர்களை ஒரு வெண்பாவின் இரண்டு பாதிகளில் மக்கள் சந்திக்க வைத்திருக்கிறார்கள்.

எவை அவர் பாடல்கள்

இதே ஐயம் காளமேகம் பெயரில் உள்ள பல பாடல்களுக்கும் உண்டு. தனிப்பாடல்கள் வாய்மொழியாக வந்தவை. அவற்றைத் திரட்டி அச்சேற்றியது 19ஆம் நூற்றாண்டில். இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவரின் ஆதரவில் சந்திரசேகர கவிராச பண்டிதர் தொகுத்த தனிப்பாடற்றிரட்டு அவற்றில் முதன்மையானது. அட்டாவதானம் வீராசாமி செட்டியாரின் விநோத ரச மஞ்சரி புலவர் கதைகளை உரைநடையில் பரப்பியது. பாட்டு முதலில் இருந்தது. எந்தச் சூழலில் பாடியிருப்பார் என்ற கதை பின்னால் சேர்ந்தது. காளமேகத்தின் வாழ்க்கை வரலாறு என்று இன்று சொல்லப்படுவதில் பெரும்பாலானது அப்படி உருவானதே. மார்க் ட்வெயின் சொல்லாத பொன்மொழிகள் எல்லாம் அவர் பெயரில் உலவுவதைப்போல, கூர்மையான வெண்பா எதுவாக இருந்தாலும் காளமேகம் கணக்கில் எழுதுவது தமிழ்நாட்டு வழக்கம்.

அவர் கணக்கில் உள்ள எல்லாமே பெருமைக்குரியவை அல்ல. பெண்களையும் உடற்குறையையும் இழிவாகப் பேசும் பாடல்களும், வகுப்பறையில் வாசிக்க முடியாதவையும் பல இருக்கின்றன. பாடநூல்கள் அவற்றை விட்டுவிட்டுச் சிலேடைகளை மட்டும் எடுத்துக்கொண்டன. பிள்ளைகளுக்கு அது சரிதான். அதனாலேயே காளமேகம் வெறும் சொல் விளையாட்டுக்காரர் என்ற எண்ணமும் வளர்ந்துவிட்டது. இருக்கை தராத அரசனையும் நள்ளிரவு வரை சோறு போடாத சத்திரத்தையும் கதவடைத்த கோயிலையும் எதிர்கொள்ள அவரிடம் வெண்பாவைத் தவிர வேறு எதுவும் இருக்கவில்லை என்பது, எள்ளும் பாம்பும் மட்டும் படிப்பவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

1940இல் காளமேகத்தின் கதை திரைப்படமாக வந்தது. இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். காளமேகமாக நடித்தவர் நாதசுவரச் சக்கரவர்த்தி டி. என். இராசரத்தினம் பிள்ளை.